விருதுநகர் சிவகாமி அம்மையார்

(சங்கத்தின் மாதர் கூட்டத்தில் நிகழ்த்திய உபந்நியாசம்)



பெருந்தலைவர் காமராஜரைப்பற்றி நம் மேடைகளில் எத்தனையோ உபந்நியாசங்கள் நிகழ்ந்துள்ளன. அவரைப் பெற்ற சிவகாமி அம்மையாரையோ ஓரிரு வாக்கியங்களில் சொல்லி முடித்துவிடுகின்றோம். இன்று அவ்வம்மையாரைச் சிறிது நினைப்போமாக.

காமராஜர் 1903ஆம் ஆண்டு ஜூலை 15ந் தேதி பிறந்தார். தேங்காய் வியாபாரம் செய்துவந்த தந்தை குமாரசாமி நாடார், மகனுக்கு ஆறு வயதளவில் காலமானார். அம்மையார் தம் நகைகளை விற்று, அப்பணத்தை ஒரு வர்த்தகரிடம் வட்டிக்கு ஒப்புவித்து, அவ்வட்டியைக்கொண்டு மகனையும் மகள் நாகம்மாளையும் வளர்த்தார். மகன் பயின்ற க்ஷத்திரிய வித்தியாசாலையும், நம் பெண்மக்கள் உலையிலிடுமுன் எடுத்துவைத்த பிடியரிசியால் வளர்ந்ததேயன்றோ?

மகன் தேசத்திற்காகச் சிறை புகுந்தார், விவாகமும் செய்துகொள்ளவில்லை. 1954 முதல் 1963 வரை முதன்மந்திரியாயிருந்தார். பேரப்பிள்ளைகளைக் கண்ட பாட்டியான அன்னையோ, விருதுநகரின் அச்சிறு வீட்டிலேயே, மகன் மாதந்தோறும் அனுப்பிய சொற்பத் தொகையில் காலங்கழித்தார். துறந்தவர் மகன், அத்துறவின் பாரத்தைச் சுமந்தவர் தாய். அவரது சம்மதத்தை எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

அவ்வீடு இன்று நினைவில்லமாக விளங்குகின்றது. அங்கே செல்வோர் அடுக்களைப் பக்கமும் சற்று நின்று வணங்குவீர்களாக. சிவகாசியிலும் சாத்தூரிலும் தீப்பெட்டி ஒட்டிப் பிள்ளைகளைப் படிக்கவைத்த பாட்டிமார் நம் இல்லங்களில் இன்னும் இருக்கின்றனர். அவர்கள் படத்திற்கு மாலை சூட்டும் நாள் வருமுன், அருகிலமர்ந்து, "சாப்பிட்டீர்களா?" என்று கேட்பீர்களாக. அதுவே அம்மையாருக்கு நாம் செய்யும் உண்மையான மரியாதையாகும்.