ரோசாப்பூ துரை

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் ரோசாப்பூ துரை என்ற பெயர் இன்னும் புழங்குகிறது. துரை என்றதும் வெள்ளைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். அவர் திருவிதாங்கூர்ச் செங்கன்னூரில் 1887-ல் பிறந்த சிரியன் கிறிஸ்தவர், ஜார்ஜ் ஜோசப். கோட்டில் ரோஜாப்பூ செருகியிருப்பாராம்.

லண்டனில் பாரிஸ்டர் படிப்பை முடித்து 1909-ல் நாடு திரும்பியவர், சென்னையில் வக்கீல் தொழில் தொடங்கி, பிறகு மதுரைக்கு மாறினார். 1918-ல் ஹோம் ரூல் என்ற தன்னாட்சிக் கோரிக்கையோடு இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். ஜிப்ரால்டரிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதே ஆண்டு மதுரை மில் தொழிலாளர் சங்கம் உருவாகத் துணை நின்றார். ஒத்துழையாமை இயக்கத்தில் நல்ல வருமானத்தை உதறிவிட்டு, அலகாபாத்தில் மோதிலால் நேருவின் 'இண்டிபெண்டன்ட்' பத்திரிகைக்கு ஆசிரியரானார். அதற்குப் பரிசு, லக்னோ சிறை. பிறகு காந்தியின் 'யங் இந்தியா' பத்திரிகை, 1924-ல் கோயில் தெருக்களில் எல்லாச் சாதியாரும் நடக்க உரிமை கேட்ட வைக்கம் போராட்டம், மறுபடியும் சிறை. வைக்கத்தை இந்துக்களே நடத்தட்டும் என்று காந்தி அவருக்கு எழுதியது தனிக் கதை.

என் பார்வையில் அவருடைய பெரிய வழக்கு மதுரையைச் சுற்றியே இருந்தது. 1911-ம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை இங்கே ரேகைச் சட்டம் என்பார்கள். என்ன செய்தாய் என்று அது கேட்காது. எந்தச் சாதியில் பிறந்தாய் என்றுதான் கேட்கும். கள்ளர் குடும்பத்து ஆண் என்றால் கைரேகை பதிய வேண்டும், ராத்திரி போலீஸ் கண்ணில் படும்படி படுத்து எழ வேண்டும், வெளியூர் போகச் சீட்டு வாங்க வேண்டும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது. 15 பேருக்கு மேல் செத்தார்கள்.

சாமர்த்தியமான சட்டம்தான். ஒரு சாதியைக் குற்றப் பரம்பரை என்று அறிவித்தது செல்லுமா என்று எந்தக் கோர்ட்டும் கேட்கக் கூடாது என அதிலேயே எழுதி வைத்திருந்தார்கள். கோர்ட்டில் கேட்க முடியாததை வக்கீல் வேறெங்கே போய்க் கேட்பார்? பத்திரிகையில் எழுதினார், மேடையில் பேசினார், சிக்கியவர்களுக்காக வாதாடினார்.

1937-ல் டெல்லி மத்திய சட்டசபைக்குத் தேர்வானார். அங்கே ஓராண்டுகூட முழுதாக இருக்கவில்லை. 1938 மார்ச்சில் மதுரையில் காலமானார். வயது 50. ரேகைச் சட்டத்துக்கு எதிரான போராட்டத்தில் அதற்குள் முத்துராமலிங்கத் தேவர் முன்னணிக்கு வந்திருந்தார். சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் அந்தச் சட்டம் நீங்கியது.