நிலத்திலும் கடலிலும் உழைப்போரின் உரிமை

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

 

வானிலிருந்து மழையை இறக்கி, கடலை நமக்கு வசப்படுத்தித் தந்த அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அவனுடைய தூதர் மீதும், அன்னாரின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.

இராமநாதபுரம் மாவட்டத்தின் கரையோரத்தில் வாழும் நமக்கு ஒரு புறம் வயல், மறுபுறம் கடல். நம் தட்டில் விழும் சோறும் மீனும் எவ்வாறு வந்து சேருகின்றன என்பதைச் சற்றே சிந்திப்போம்.

நம் பகுதி நெல் பெரும்பாலும் வானம் பார்த்த பயிர். வடகிழக்குப் பருவமழையை நம்பிப் புழுதியிலேயே விதைத்துவிட்டு, உழவர் அண்ணாந்து பார்த்துக் காத்திருக்கிறார். நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை என்று பெயர்பெற்ற இராஜசிங்கமங்கலம் கண்மாயே ஆனாலும் மழை பொய்த்தால் வறண்டுதான் கிடக்கும். நம் முண்டு மிளகாய்க்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெருமைக்குப் பின்னால், சுடுவெயிலில் குனிந்து பழம் பறித்துக் களத்தில் காயவைக்கும் பெண்களின் கைகள் இருக்கின்றன.

கடலுக்கு வருவோம். மீன்கள் இனம் பெருகுவதற்காகக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்வதில்லை. தொடக்கத்தில் 45 நாட்களாக இருந்த இத்தடைக்காலம், 2017 முதல் 61 நாட்களாயிற்று. தடை நியாயமானதே. ஆயினும் அந்த 61 நாட்களும் படகுத் தொழிலாளியின் வீட்டில் அடுப்பு எரிந்தாக வேண்டும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் அடங்கிய பகுதி 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பாம்பன் வட்டாரத்துப் பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கடற்பாசி எடுத்து வந்த இடங்கள் அவை. மூச்சடக்கி மூழ்கி, பாறையில் கை கிழிபட எடுக்கும் அப்பாசியிலிருந்தே அகர் போன்ற பொருட்கள் ஆகின்றன. உரிமைக்காகக் குரல் கொடுத்த அப்பெண்கள், பாசி அழியாதிருக்க எடுக்கும் நாட்களுக்குத் தாங்களே வரம்பும் வகுத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி அம்மையாருக்கு 2015இல் சீகாலஜி என்னும் பன்னாட்டு விருது வழங்கப்பட்டது. கடலை நம்பி வாழ்பவர்களுக்குக் கடல்மீதுள்ள அக்கறை அத்தகையது.

அன்பர்களே! நம் மார்க்கச் சட்டம் உழைப்பை எவ்வளவு நுட்பமாகக் கணக்கிடுகிறது என்று பாருங்கள். நிஸாபை எட்டிய நெல் மழைநீரில் விளைந்திருந்தால் பத்தில் ஒரு பங்கு ஸகாத். உழவர் செலவு செய்து நீர் இறைத்து விளைவித்திருந்தால் இருபதில் ஒரு பங்கு. உழைப்பும் செலவும் கூடினால் கடமை பாதியாகக் குறைகிறது. மீனவர் பிடித்த மீனுக்கோ, பெரும்பான்மை இமாம்களின் தீர்ப்பின்படி, பிடித்ததற்காக ஸகாத்தே இல்லை. ஆனால் அந்த மீனையும் நெல்லையும் மிளகாயையும் வாங்கி விற்பவர் தம் வணிகச் சரக்குக்கு ஆண்டுதோறும் நாற்பதில் ஒரு பங்கு கொடுத்தாக வேண்டும். வியர்வை சிந்தியவருக்குச் சலுகையும் இலாபம் சேர்த்தவருக்குக் கடமையும் வைத்த சட்டம் இது. நம் கடைக் கணக்கு இதற்கு நேர்மாறாக இருக்கலாமா?

சென்ற தடைக்காலத்தில் ஒருநாள் ஃபஜ்ருத் தொழுகைக்குப் பின் படகில் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் நம்மிடம் வந்து அமர்ந்தார். “ஹஜ்ரத், முன்பணம் கொடுத்தவர் என்னிடம் வட்டி கேட்கவில்லை. ஆனால் கடன் தீரும்வரை மீனை அவருக்கே போட வேண்டும். அவர் சொல்வதே விலை. கரையில் மற்றவர் வாங்கும் விலை எனக்குக் கிடைப்பதில்லை. இதற்கு வட்டி என்று பெயர் இல்லையென்றால் வேறு என்ன பெயர்?” என்றார்.

“காக்கா, நாளைக்குச் சொல்கிறோம்” என்று அவரை அனுப்பிவைத்தோம். பதில் தெரியாமல் அல்ல. முன்பணம் கொடுத்தவர் நம் பின்னால் முதல் வரிசையில் நின்று தொழுபவர் என்பது நமக்குத் தெரியும். அன்று தாமதித்தது நம் தவறு. அல்லாஹ் நம்மை மன்னிப்பானாக! அந்தப் பதிலை இன்று எல்லார் முன்னிலையிலும் சொல்கிறோம். கடன் கொடுத்தவர் அக்கடனின் பேரில் நிபந்தனையிட்டுப் பெறும் எந்தப் பயனும் வட்டியே. இதில் நான்கு மத்ஹபு இமாம்களிடையேயும் கருத்து வேறுபாடில்லை. விலையைக் குறைத்து வாங்கும் மீனிலும், நிறுவையில் தள்ளிக்கொள்ளும் மிளகாயிலும் அது ஒளிந்திருந்தாலும் வட்டி வட்டிதான்.

எனவே நம் வணிகச் சகோதரர்களிடம் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். முன்பணம் கொடுத்தால் அதைக் கடனாக மட்டுமே கொடுங்கள். சரக்கைக் கரையிலும் சந்தையிலும் நடப்பிலுள்ள விலைக்கு வாங்குங்கள். கூலியை அன்றே, தராசு இறங்கிய இடத்திலேயே கொடுங்கள்.

நிர்வாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள். வரும் தடைக்காலத்திற்கு முன் வட்டியில்லாக் கடன் நிதி ஒன்றை நம் ஜமாஅத் தொடங்கட்டும். உழவருக்கு விதைப்புக்கும், கடல் தொழிலாளிக்குத் தடை நாட்களுக்கும் அது உதவட்டும். கடன் கேட்பவர் எவ்வகுப்பினர் என்று பாராமல் கொடுப்போம். நமக்காக நெல் விளைவிப்பவரும் வலை இழுப்பவரும் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். அந்நிதிக்கு முதல் தொகையாக நம் ஒரு மாதச் சம்பளத்தை இச்சபையிலேயே ஒப்படைக்கிறோம்.

அந்தப் பெரியவர் இப்போதும் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அவருடைய கேள்விக்கு நம் வாய் பதில் சொல்லிவிட்டது. இனி நம் கணக்கேடுகள் சொல்ல வேண்டும். ஹலாலான சம்பாத்தியத்தையும் அதில் பரகத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.