விரலுக்கென்று பிறந்த எழுத்து



சென்னையிலிருந்து மேற்கே பிரயாணம் செய்கிறவர்கள் பூந்தமல்லியை, காஞ்சீபுரத்துக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போகும் வழியில் பஸ் சிறிது நேரம் நின்று புறப்படுகிற ஓர் ஊராகவே பெரும்பாலும் அறிந்திருப்பார்கள். ஆனால் பார்வையற்ற குழந்தையைப் பெற்ற குடும்பங்களுக்கு அந்த ஊரின் பெயர் வேறு விதத்தில் பரிச்சயமானது. பார்வையற்றோருக்கான அரசுப் பள்ளியும், அவர்களுக்கான தேசிய நிறுவனத்தின் மண்டல மையமும், விரலால் தடவிப் படிக்கும் பிரெயில் எழுத்தில் பாடப் புத்தகங்களை அச்சிடும் அச்சகமும் அங்கேதான் இருக்கின்றன.

பிரெயில் எழுதுவதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது ஒரு விசேஷ அனுபவம். சிறு சிறு கட்டங்கள் வெட்டிய சட்டத்துக்குள் கனத்த காகிதத்தைச் செருகி, ஸ்டைலஸ் என்னும் ஊசியால், வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கமாக ஒவ்வொரு புள்ளியாகக் குத்திக்கொண்டு போகிறார்கள்; எழுதி முடித்துத் தாளைப் புரட்டியதும், குத்திய பள்ளங்கள் மறுபுறத்தில் மேடுகளாக எழுந்து, இடமிருந்து வலமாக விரலுக்கு வாசகமாகிவிடுகின்றன. ஒரு கட்டத்துக்கு ஆறே புள்ளிகள். அவற்றின் சேர்க்கையால் அறுபத்து மூன்று குறிகள்.

இந்த எழுத்து தோன்றிய சரித்திரத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் பாரிஸ் நகரத்தில் பார்வையற்றோருக்குப் பள்ளி வைத்த வாலந்தைன் ஆய் என்ற தயாளர், சாதாரண அச்செழுத்துகளையே காகிதத்தில் புடைக்க வைத்து மாணவர்களைத் தடவிப் படிக்கச் சொன்னார். நோக்கம் உத்தமமானதுதான், ஆயினும் கண்ணுக்காக ஏற்பட்ட வடிவத்தை விரலின் மேல் சுமத்தியதால், படிப்பது பெரும் பிரயாசையாயிற்று, மாணவன் தன் கையால் எழுதுவதோ அநேகமாக அசாத்தியமாயிற்று. அதே பள்ளியில் படித்தவரும், சிறு வயதில் தகப்பனாரின் தோல் பட்டறையில் நேர்ந்த விபத்தால் பார்வையை இழந்தவருமான லூயி பிரெயில், வேறொருவர் வகுத்திருந்த புள்ளி முறையை எடுத்து, விரல் நுனி ஒரே தொடுதலில் உணரக்கூடிய அளவுக்குச் சுருக்கி, 1829இல் வெளியிட்டார். பிரெஞ்சு அரசாங்கம் அதனை ஏற்றுக்கொண்டதோ, 1852இல் அவர் காலமான பிறகுதான்.

இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெயில் 1951இல் உருவாயிற்று. அதில் தமிழ் எழுதப்படும் விதம் ரசிக்கத்தக்கது. அச்சில் ‘கொ’ என்று எழுத, ஒற்றைக்கொம்பை முன்னும் காலைப் பின்னும் இட்டு, ககரத்தை நடுவில் நிறுத்துகிறோம். பிரெயிலிலோ முதலில் ககரம், அடுத்து ஒகரத்தின் குறி. காதில் விழுகிற வரிசையே கையில் படுகிற வரிசை. கண்ணின் சம்பிரதாயம் எதையும் விரல் சுமக்க வேண்டியதில்லை.

பயன்படுத்துகிறவரின் உடம்பிலிருந்து தொடங்குவதே நல்ல வடிவமைப்பு என்ற இந்தத் தத்துவத்தைக் கட்டடங்களுக்கும் விரித்து, அனைவருக்குமான வடிவமைப்பு என்று பெயரிட்டவர் ரான் மேஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞர். இளம்பிள்ளை வாதத்தால் பால்ய வயது முதல் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர் அவர். அவரும் சக நிபுணர்களுமாக 1997இல் அதற்கு ஏழு கோட்பாடுகளை வகுத்தார்கள்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம். அம்பத்தூரிலும் ஆவடியிலும் புதிதாக எழும் கட்டடங்களின் வாசலில் சாய்தளம் ஒன்று அநேகமாக இருக்கத்தான் செய்கிறது. ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. அதாவது ஆறு அங்குலப் படி ஒன்றுக்கே ஆறு அடி. இடம் போதவில்லை என்று அதனை மூன்றடியில் முடித்துவிட்டால், அதன்மேல் மோட்டார் சைக்கிள் ஏறுமேயன்றி, தன் கைகளால் சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு வருகிற மனிதர் ஏறமாட்டார். பார்வையற்றோருக்கு வழிகாட்ட நடைபாதையில் பதிக்கும் மஞ்சள் டைல்ஸும் அப்படியே. 1967இல் ஜப்பானின் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்ட இந்த ஏற்பாடு ஒரு பாஷை. நீளக் கோடுகளுக்கு ‘மேலே நட’ என்றும், வட்ட மொட்டுகளுக்கு ‘நில், கவனி’ என்றும் பொருள். அந்தப் பொருளை அறியாமல், அழகுக்காகப் பதிப்பது போல் மின்கம்பம் வரை கோட்டு டைல்ஸைக் கொண்டுபோய் விட்டால், நம்பி வருகிறவரை நாமே முட்டச் சொல்கிறோம் என்றுதான் அர்த்தம். பாரிஸில் எழுத்துகளைப் புடைக்க வைத்த அந்தப் பெரியவரின் நல்லெண்ணம் இவற்றிலும் இருக்கிறது; அவருடைய பிழையும் இருக்கிறது.

காட்பாடியில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனத்தில் பிரெயில் தட்டச்சுப் பொறிகள் தயாராகின்றன, சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான, உட்கார்ந்திருப்பவரை எழுந்து நிற்கச் செய்யும் சக்கர நாற்காலி 2019இல் வெளிவந்தது. சாதனங்களைச் செய்யும் சாமர்த்தியம் நம்மிடம் குறைவில்லை. ஆனால் எவ்வளவு சிறந்த நாற்காலியும் வாசற்படி வரைதான் வரும். அதற்கு அப்பால் பொறுப்பு கட்டடத்தைக் கட்டியவருடையது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான 2016ஆம் வருஷத்துச் சட்டம் அந்தப் பொறுப்பை வற்புறுத்த இடம் கொடுத்திருக்கிறது: அணுகல் விதிகளை அநுசரிக்காத கட்டடத்துக்கு நிறைவுச் சான்றிதழ் வழங்கலாகாது என்று அது சொல்கிறது. அந்தச் சான்றிதழில் கையெழுத்திடும் அதிகாரி, அதற்கு முன் சக்கர நாற்காலியில் வருகிற ஒருவரையும், கைத்தடியோடு வருகிற ஒருவரையும் அழைத்து, துணையின்றி உள்ளே போய்த் திரும்பி வரச் சொல்லட்டும்; அவர்கள் சரி என்றால் மட்டும் கையெழுத்திடட்டும். அரை மணி நேரத்தில் முடிகிற பரீட்சை அது; செலவு ஏதுமில்லை. வரைபடத்தில் தப்புகிற பிழைகள் அவர்களிடம் தப்பமாட்டா.