மருத்துவரும் ஆராய்ச்சியும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்த ரயில்வே குமாஸ்தாவுக்கு மருத்துவ ஆராய்ச்சியைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று நீங்கள் எண்ணலாம். டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகளைப் பெற்றவர்களுள் நானும் ஒருவன் என்பதே என் தகுதி.

டாக்டர் பட்டம் பெற்ற மகளோ மகனோ, "இன்னும் சில ஆண்டுகள் ஆராய்ச்சி செய்து பி.எச்.டி. பெற வேண்டும்" என்றால், நம் வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "சம்பாதிப்பது எப்போது?" என்பதே. அக்கேள்வி தவறன்று. கடன்பட்டுப் படிக்க வைத்த குடும்பத்திற்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு. ஆயினும் அதற்கு விடை கூறும் வரலாறு ஒன்று நாம் பிழைக்க வந்த இந்நகரிலேயே உள்ளது.

1884-ஆம் ஆண்டு ராபர்ட் காக் என்ற ஜெர்மானிய அறிஞர் கல்கத்தாவில் வாந்திபேதிக் கிருமியைப் பிரித்தெடுத்தார். ஆனால் அக்கிருமி மனிதனை எவ்வாறு கொல்கிறது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. விளக்கியவர் ஒரு வங்காளி மருத்துவர். பெயர் சம்பு நாத் தே.

ஹூக்ளி மாவட்டத்தில் 1915-இல் பிறந்த அவர், கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் தேறி டாக்டரானார். தொழில் நடத்திப் பொருள் ஈட்டியிருக்கலாம். அவரோ 1947-இல் லண்டன் சென்று, ராய் காமரான் என்ற பேராசிரியரிடம் பயின்று, 1949-இல் பி.எச்.டி. பெற்றுத் திரும்பினார். அங்கே அவர் ஆராய்ந்தது வாந்திபேதியை அன்று; எனினும் ஓர் ஐயத்தைச் சோதனையாக மாற்றும் முறையை அங்கே கற்றார்.

1953-இல் முயலின் சிறுகுடலில் ஒரு பகுதியை இரு முனையிலும் கட்டி, அதனுள் கிருமியைச் செலுத்தினார். நோயாளியிடம் காணும் அதே கஞ்சித் தண்ணீர் போன்ற நீர் அங்கே நிறைந்தது. 1959-இல் கிருமியை வடிகட்டி நீக்கிய நீரைச் செலுத்தினார். அப்பொழுதும் குடல் வீங்கிற்று. கிருமி சுரக்கும் நஞ்சே குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே உயிர்காக்கும் வழி என்பதற்கு இவ்வறிவு வலுவூட்டியது. 1971-இல் போங்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த நீரைப் பருகக் கொடுத்தார். நூற்றுக்கு முப்பது வரை இருந்த சாவு நான்குக்கும் கீழே இறங்கியது. அவரும் இந்நகரத்து மருத்துவரே.

நோயாளியின் படுக்கை ஒரு தடம். ஆய்வுக்கூடம் மற்றொரு தடம். இரண்டும் அருகருகே ஓடினால் மட்டும் போதாது. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு வண்டி மாற ஒரு ஜங்ஷன் வேண்டும். இரண்டிலும் பயிற்சி பெற்ற மருத்துவரே அந்த ஜங்ஷன். அமெரிக்க அரசு இத்தகையோரைப் பயிற்றுவிக்க 1964 முதல் பொருளுதவி செய்து வருகிறது.

இப்பாதையில் செல்வமும் புகழும் எளிதில் வாரா என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். தே அவர்களை நோபல் நிறுவனம் தன் கருத்தரங்கிற்கு அழைத்தது 1978-இல். அவர் ஓய்வுபெற்று ஐந்தாண்டுகள் கழிந்த பின்னரே. 1985-இல் அவர் மறைந்தார்.

ஆகவே பெற்றோர்க்கு ஒரு வேண்டுகோள்: ஆராய்ச்சி நாடும் பிள்ளையிடம் சம்பளத்தைக் கேட்குமுன், எந்த நோயைப் பற்றி என்று கேளுங்கள். சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள்: இம்மலரின் விளம்பர வருவாயில் ஒரு பங்கை அப்பிள்ளைகளின் அந்தச் சில ஆண்டுகளுக்கு ஒதுக்குங்கள். கடன் சுமையால் ஒரு நல்ல ஆராய்ச்சியாளர் நம் வீட்டு வாசலிலேயே நின்றுவிடலாகாது.