தலைக்கு ஒரு வரி



பாமரனுக்கு வரியைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்கிறார்கள், பட்டம் பெற்ற பண்டிதர்கள். இங்கிலாந்து நாட்டு வரலாறு அவர்களுக்கு விடை கூறும்.

1989-இலே ஸ்காட்லாந்திலும், 1990-இலே இங்கிலாந்திலும் வேல்சிலும் தலைவரியைப் புகுத்தியது மார்கரெட் தாட்சரின் ஆட்சி. நகராட்சியின் பணியை எல்லோரும் நுகர்கிறார்கள். ஆகவே எல்லோரும் கட்டட்டும் என்பது ஆளவந்தாரின் வாதம். மாளிகையிலே வாழும் பிரபுவுக்கும், அந்த ஊரிலேயே குப்பை அள்ளும் தொழிலாளிக்கும் தலைக்கு ஒரே தொகை! பரம ஏழைக்குங்கூட முழு விலக்கு இல்லை. ஐந்தில் ஒரு பங்கு கட்டியாக வேண்டும். யானைக்கும் ஆட்டுக்குட்டிக்கும் ஒரே சுமை. அதற்குப் பெயர் சமநீதியாம்!

பள்ளி வேண்டாம், தெருவிளக்கு வேண்டாம் என்றா கூறினர் மக்கள்? இல்லை! தோளுக்கேற்ற சுமை கேட்டனர். இலட்சக்கணக்கானோர் கட்ட மறுத்தனர். 1990 மார்ச் 31 அன்று இலண்டன் வீதிகள் மக்கள் கடலாயின, கலவரமும் மூண்டது. அவ்வாண்டு நவம்பரிலே தாட்சர் பதவி துறந்தார். தலைவரி அதற்கொரு காரணம். 1993-இலே வீட்டின் மதிப்பை ஒட்டிய வரி வந்தது.

வென்றோம் என்று உறங்கலாமா? 1991-இலே தலைவரியைக் குறைத்த அரசு, அதை ஈடுகட்ட மதிப்புக் கூட்டு வரியை 15 விழுக்காட்டிலிருந்து 17.5 ஆக்கிற்று. தலையைவிட்டு இறங்கிய வரி, கடைச் சரக்கின்மீது ஏறிக்கொண்டது!

ஆகவே தோழர்களே, வரி எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாதீர். எவர் தோளிலே என்றும் கேளுங்கள். ஏழைக்குப் பொருளாதார ஏடு தெரியாதிருக்கலாம். சுமையின் கனம் தெரியும். தேநீர்க் கடைப் பேச்சுக்குச் செவி கொடுங்கள். தீர்ப்பு அங்கேதான் எழுதப்படுகிறது!