விசிறி வேண்டாம், கூரை வேண்டும்!

(நாடகக் கலைஞர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

மோசிகீரனார் கதையை அறியாதவர் உங்களில் எவரும் இரார். வழிநடந்த களைப்பு, கண்ணைச் சுழற்றும் தூக்கம். அரண்மனையிலே மெத்தென்று கிடந்த கட்டிலைக் கண்டார் புலவர். அது முரசு கட்டில் என்பதை அறியார். ஏறிப் படுத்தார், உறங்கினார். அக்கட்டிலில் படுப்பவனுக்கு வாள்தான் பரிசு. வந்தான் சேரமான் பெருஞ்சேரல் இரும்பொறை. வாளை ஓங்கவில்லை, கவரியை எடுத்தான், புலவர் கண் விழிக்கும்வரை வீசி நின்றான். புறநானூற்றின் 50-ஆம் பாட்டு தரும் செய்தி இது.

மன்னன் விசிறினான் என்று பூரிக்கிறோம். மேடைதோறும் சொல்கிறோம், கைத்தட்டல் பெறுகிறோம். பூரிப்புக்கு உரிய செய்திதான், மறுப்பாரில்லை. ஆனால், புலவர் ஏன் முரசு கட்டிலில் படுத்தார் என்று என்றேனும் கேட்டதுண்டா, தோழர்களே? அவருக்கென்று ஒரு கட்டில் இருந்திருந்தால், முரசு கட்டிலை நாடுவாரா? அவருக்கென்று ஒரு கூரை இருந்திருந்தால், அவர் உயிர் ஒரு மன்னனின் நல்ல மனத்தை நம்பி ஊசலாடியிருக்குமா?

பத்துப்பாட்டிலே பாதி ஆற்றுப்படை. அவற்றுள் முருகனிடம் வழிகாட்டும் ஒன்றை ஒதுக்கினால், மற்ற நான்கும் என்ன பேசுகின்றன? பரிசு பெற்ற கலைஞன், பசித்து வரும் கலைஞனைப் பார்த்து, "இந்த வழியாகப் போ, இன்ன வள்ளலைப் பார்" என்று கைகாட்டுகிறான். யாழ் தோளிலே, பசி வயிற்றிலே, சுற்றம் பின்னாலே! வழிகாட்டும் அன்பைப் போற்றுவோம். ஆனால் கலைஞன் காலமெல்லாம் வழியிலேயே நிற்க வேண்டுமா?

இன்றைக்கும் விசிறிக்குக் குறைவில்லை. பொன்னாடை உண்டு, பட்டம் உண்டு, மாலை உண்டு. விழா முடிந்து வீடு திரும்பும் கூத்துக் கலைஞன், அந்தப் பொன்னாடையை மடித்து வைத்துவிட்டு, மறுநாள் காலையிலே கூலி வேலைக்குப் போகிறான். அவன் நெஞ்சிலே கிடக்கும் புதிய கூத்து, நெஞ்சிலேயே கிடந்து மடிகிறது. கலை அழிகிறதே என்று அழுவோர் பலர். அது அழியும் இடம் எது என்று பார்ப்போர் சிலர். கூடிப் பழக ஓர் இடமில்லை, எழுத ஓர் அறையில்லை, மூன்று மாதம் கவலையற்று உழைக்க வழியில்லை. அங்கேதான் அழிகிறது!

ஆகவேதான் இன்று உங்கள் முன் ஒரு சொல்லை வைக்கிறேன்: கலைஞர் உறைவிடம். நடிகனோ, எழுத்தாளனோ, மண்ணைப் பிசைந்து கலம் வனையும் கைவினைஞனோ, குறித்த காலம் தங்கி, உண்டு, உழைத்து, தன் படைப்பை முடித்துக்கொண்டு போக ஓர் இடம்.

இது அயலார் சரக்கு என்பீரோ? அயலாரும் செய்தனர், நாமும் செய்தோம். இரண்டையும் பாருங்கள்.

அமெரிக்காவிலே, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்துப் பீட்டர்பரோ என்னும் சிற்றூரிலே, 1907-இல் எழுந்தது மெக்டவல் கலைஞர் குடியிருப்பு. எட்வர்ட் மெக்டவல் என்னும் இசைஞரும் அவர் துணைவி மரியனும் கண்ட கனவு அது. அடுத்த ஆண்டே கணவர் மறைந்தார். அம்மையார் ஒடுங்கவில்லை, ஊர் ஊராகச் சென்றார், பியானோ வாசித்தார், பொருள் திரட்டினார், குடியிருப்பை வளர்த்தார். அங்கே மரங்களுக்கிடையே தனித்தனிக் குடில்கள். பகல் உணவு ஒரு கூடையிலே வந்து வாயிலில் வைக்கப்படும். கதவைத் தட்டி, "இன்று எத்தனை பக்கம் எழுதினாய்?" என்று கேட்பவர் இல்லை. "எங்களைப் புகழ்ந்து இரண்டு வரி எழுது" என்பவரும் இல்லை. தார்ன்டன் வைல்டர் தம் 'நமது ஊர்' நாடகத்தின் பகுதிகளை அங்கே தங்கியிருந்துதான் எழுதினார். 1938-இல் புலிட்சர் பரிசு பெற்ற நாடகம் அது. உலகம் பரிசைப் பார்த்தது. நான் அந்தக் கூடையைப் பார்க்கிறேன்!

நம் நாட்டிலே? 1918-இல் மதுரையிலே சங்கரதாஸ் சுவாமிகள் தலைமையேற்ற தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ன செய்தது? ஆசிரியரும் மாணவரும் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தனர், உண்டனர், பாடம் பயின்றனர், மாலையிலே மேடை ஏறினர். 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தைச் சுவாமிகள் ஒரே இரவில் எழுதி முடித்தார் என்று, அவரிடம் பயின்ற தி.க. சண்முகம் பதிவு செய்திருக்கிறார். அந்த ஓர் இரவை வியக்கிறோம். எழுதுவதைக் காலையிலேயே வாங்கிப் பயில நடிகர்கள் பக்கத்து அறையில் உறங்கிக்கொண்டிருந்தார்களே, அதையும் எண்ணுங்கள்! எனினும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: பாய்ஸ் கம்பெனிகளில் கூரை இருந்தது, கூடவே கண்டிப்பும் இருந்தது. பெற்றோரைப் பிரிந்து வந்த பிள்ளைகள், முதலாளி வைத்ததே சட்டமென்று வாழ்ந்தார்கள். கூரை வேண்டும், அந்தக் கூரைக்குக் கீழே கைவிலங்கு வேண்டாம்.

விலங்கில்லாக் கூரையைத் தமிழ் மண்ணில் கட்டிக் காட்டியவர்கள் உண்டு. சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்துக் கடற்கரையிலே, 1966-இல் தோன்றிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் அது.

கதை இதுதான். சென்னை ஓவியப் பள்ளியின் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். ஆண்டுதோறும் மாணவர்கள் தேர்ந்து வெளியேறினார்கள். வெளியேறி எங்கே சென்றார்கள்? வயிறு அழைத்த இடத்துக்குச் சென்றார்கள்! துணிக்கு அச்சு வரைந்தான் ஒருவன். விளம்பரத்துக்குப் படம் போட்டான் ஒருவன். தூரிகையையே துறந்தான் இன்னொருவன். கற்ற கலை, பெற்ற வேலைக்குப் பலியாயிற்று. இதற்கு விடை தேடினார் பணிக்கர். அரசிடம் மனுப் போட்டுக் காத்திருக்கவில்லை. சீமான் வீட்டு வாசலில் நிற்கவில்லை. ஓவியர்களும் சிற்பிகளும் ஒன்றுகூடிக் கைவினைச் சங்கம் கண்டார்கள். மெழுகிட்டுச் சாயம் தோய்க்கும் பாத்திக் துணி செய்தார்கள், தோலிலும் உலோகத்திலும் பொருள்கள் செய்தார்கள், விற்றார்கள். வந்த காசைச் சேர்த்து, மணலும் சவுக்கும் மண்டிய நிலத்தை வாங்கினார்கள். இன்று ஊர்திகள் பறக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலை, இந்த உருவத்தில் அன்று இல்லை.

அதிலே அடங்கிய தத்துவத்தைக் கவனியுங்கள். கைவினை சோறு போடும். ஆகவே ஓவியம் சோற்றுக்காக வளையாது. வாங்குபவனின் வரவேற்பறைக்கு ஏற்ற வண்ணம் தீட்ட வேண்டிய கட்டாயம் இல்லை. அங்கே வாழ்ந்த கே. ராமானுஜம் என்னும் இளைஞர், எவர் கனவும் அல்லாத தம் கனவையே வரைந்தார். 1973-இல் இளமையிலேயே மறைந்தார். பணிக்கர் 1977-இல் மறைந்தார். கிராமம் மறையவில்லை. திறந்தவெளி அரங்கும், வந்து தங்கும் கலைஞருக்கு விடுதியும் அமைந்தன. 2009-இல் சென்னை ஓவிய இயக்கத்துக்கென அங்கே ஓர் அருங்காட்சியகமும் திறக்கப்பட்டது.

இனி வருவது கசப்பான கேள்வி. அன்று ஓவியர் சிலர் கூடித் துணி விற்று வாங்கிய நிலத்தை, இன்று துணி விற்று வாங்க முடியுமா? அந்தக் கடற்கரையிலே நிலத்தின் விலையைக் கேட்டுப் பாருங்கள். தூரிகை கைநழுவி விழும்! தெருக்கூத்துக் கலைஞனுக்கும் குயவனுக்கும் அந்த வழியும் அடைபட்டுவிட்டது. எனவே, நிலத்தைப் பொதுமக்கள் தர வேண்டும்; சோற்றை அவன் உழைப்பும் நம் உதவியும் சேர்ந்து தர வேண்டும்; கலையை அவன் மனம் ஒன்றே தர வேண்டும்.

"வீடற்றோர் பலர் இருக்க, கலைஞனுக்கு உறைவிடமா?" என்பார் உளர். நியாயமான கேள்வி. நான் மாளிகை கேட்கவில்லை. பூட்டிக் கிடப்பதைத் திறக்கக் கேட்கிறேன். கலைஞர்களுக்கு நல வாரியம் உண்டு. நலிந்தோர்க்கு உதவித்தொகை உண்டு. வாழ்க! ஆயினும் அறுபதிலே தருவது ஆறுதல். முப்பதிலே தருவதுதான் ஆக்கம். தளர்ந்தபின் ஊன்றுகோல் தரும் நாம், ஓடும் வயதிலே பாதை தரக்கூடாதா?

"உண்டவன் நம்மை ஏசி எழுதினால்?" என்றும் கேட்பீர்கள். எழுதட்டும்! நம் மேடையில் நம்மைப் புகழ்பவனுக்கு மட்டும் கதவு திறந்தால், அதற்குப் பெயர் உறைவிடம் அல்ல, கூண்டு. கூண்டுக்கிளி சொன்னதைச் சொல்லும். சொல்லாததைச் சொல்லும் குரல்தான் நாட்டுக்குத் தேவை.

தோழர்களே! உங்கள் ஊரிலே பூட்டிக் கிடக்கும் கட்டடம் எது என்று இந்த வாரம் பாருங்கள். பழைய சத்திரமா, மூடிய படிப்பகமா, பயனற்ற கூடமா? கணக்கெடுங்கள். உள்ளாட்சி மன்றத்திலே கேளுங்கள். நம்மவர் அமர்ந்திருக்கும் மன்றமானால், இன்னும் உரக்கக் கேளுங்கள். ஓர் அறை, ஒரு விளக்கு, ஒத்திகைக்கு ஒரு முற்றம், மூன்று மாத உணவு. உள்ளூர்க் கூத்தனுக்கும், உள்ளூர் எழுத்தாளனுக்கும், உள்ளூர்க் கைவினைஞனுக்கும் முறை வைத்துக் கொடுங்கள். புறப்படும் நாளில் அவன் ஊருக்கு ஒரு கூத்தாடட்டும், ஒரு கதை படிக்கட்டும், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு சக்கரம் சுற்றிக் காட்டட்டும். அதற்கு மேல் எதையும் கேளாதீர்கள்.

பெருஞ்சேரல் இரும்பொறை ஒருவன்தான். அவனைப் போல் இன்னொருவன் வருவான் என்று காத்திருக்கக் கலைஞனுக்கு நேரமில்லை. மன்னர் ஆண்ட நாளிலே விசிறி போதுமானதாக இருந்திருக்கலாம். மக்கள் ஆளும் நாளிலே, கலைஞன் முரசு கட்டிலைத் தேடி அலையலாமா? அவனுக்கென்று ஒரு கட்டில் போடுங்கள். உறங்க அல்ல, தோழர்களே, விழித்திருந்து உழைக்க!