பல துறை கண்டவன் வழி தவறியவனா?

(வாவிக்கரையில் விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டமொன்றில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு.)



அரசியல் மேடையிலே நின்று பழகிய என்னை, "இன்று அரசியல் பேசலாகாது" என்று கட்டளையிட்டு அழைத்திருக்கிறார்கள். இயன்றவரை அக்கட்டளையைக் காப்பாற்றுவேன். முழுவதும் காப்பாற்றுவேன் என்று வாக்களிக்க மாட்டேன். நிறைவேறாத வாக்குறுதிகளால் எங்கள் கூட்டத்தாருக்கு ஏற்கெனவே போதிய கெட்ட பெயர் உண்டு.

சில மாதங்களுக்கு முன்னர் மண்டூர்ப் பக்கத்து விவசாயி ஒருவர் காணி விஷயமாக என்னிடம் வந்தார். பேச வேண்டியதைப் பேசி முடித்த பின்னும் எழுந்து போகாமல் தயங்கி நின்றார். "ஐயா, மகன் பட்டம் எடுத்து நாலு வருசம் போயிற்று. இன்னும் வேலை கிடைக்கல்ல. இப்ப பகலெல்லாம் உழவு மெசின் திருத்தப் பழகுறான். இராவானால் அண்ணாவியாரிட்டக் கூத்துப் பழகப் போறான். சொந்தக்காரர் சிரிக்கிறாங்க. ஒன்றிலும் நிலைக்காமப் போயிடுவானோ?" என்று கேட்டார். நான் அன்று கொடுத்த விடை எனக்கே திருப்தியாக இருக்கவில்லை. ஆகவேதான் இன்று இதைப் பேசுகிறேன்.

இது ஒரு வீட்டுத் துயரமன்று. 2017ஆம் ஆண்டிலே மட்டக்களப்புக் காந்தி பூங்காவின் முன்னால் வேலையற்ற பட்டதாரிகள் வெயிலிலும் மழையிலும் மாதக்கணக்காகக் குந்தியிருந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அவர்களுக்கு அரசு கடமைப்பட்டிருந்தது என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. "நாடு உனக்கு வேலை தராது, நீயே எதையாவது கற்றுப் பிழைத்துக்கொள்" என்று உபதேசிக்க நான் இங்கே வரவில்லை. அது உரிமையை மறுப்பவன் பேசும் பேச்சு. நான் கேட்பது வேறு. ஒரே பாதையிலே நடப்பவனே உறுதியானவன், பல துறைகளில் கால் வைத்தவன் திசை கெட்டவன் என்ற எண்ணம் நம்மிடையே எப்படி வந்தது? இந்த மண்ணின் தலைசிறந்த மகனுடைய வாழ்க்கை அதற்கு நேர்மாறாக அல்லவா இருக்கிறது!

காரைதீவிலே 1892இல் பிறந்த மயில்வாகனன் என்னும் பிள்ளையைச் சொல்லுகிறேன். காரைதீவு இன்று அம்பாறை மாவட்டத்திலே இருக்கிறது. 1961இல் அம்மாவட்டம் பிரிக்கப்படும்வரை அது மட்டக்களப்பு மண்தான். அந்தப் பிள்ளை மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியில் ஆங்கிலம் படித்து, 1908இல் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் தேறி, ஆசிரியர் ஆனார். அந்நாளில் அது போதாதா? போதும். சம்பளம் உண்டு, மதிப்பு உண்டு, ஊரிலே பெண் கொடுக்கவும் ஆள் உண்டு. ஆனால் அவர் கொழும்புக்குப் போய் ஆசிரியப் பயிற்சி பெற்றார். பின்பு தொழில்நுட்பக் கல்லூரியிலே சேர்ந்து 1916இல் விஞ்ஞான டிப்புளோமா பெற்றார். அதே 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையிலும் தேறினார்! ஒரு கையிலே சோதனைக் குழாய், மறு கையிலே தொல்காப்பியம். உறவினர் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடுகிறேன்.

அங்கேயும் அவர் நிற்கவில்லை. யாழ்ப்பாணம் சம்பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தார். 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்று, மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபரானார். 1922இல் அந்தப் பதவியையும் உதறிவிட்டுச் சென்னையிலே இராமகிருஷ்ண மடத்தைச் சேர்ந்தார். 1924இல் துறவு பூண்டபோது பெற்ற பெயர்தான் சுவாமி விபுலாநந்தர். துறவியானவர் காட்டுக்கா போனார்? 1926இல் சேக்ஸ்பியருடைய நாடகங்களை ஆராய்ந்து 'மதங்க சூளாமணி' என்ற நூலைத் தந்தார். 1929இல் கல்லடி உப்போடையிலே சிவானந்த வித்தியாலயத்தைத் தொடக்கினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். பிறகு இமயமலையிலே மாயாவதியில் இருந்து 'பிரபுத்த பாரத' என்னும் ஆங்கில இதழின் ஆசிரியர். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியர்.

இந்த வரலாற்றை உத்தியோகப் பத்திரமாக எழுதி இன்று ஒரு நேர்முகப் பரீட்சைக்கு அனுப்பினால், "இவர் எங்கும் நிலைத்து நிற்காதவர்" என்று குறிப்பெழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்!

ஆனால் அவர் எதையும் வீணாக்கவில்லை என்பதற்குச் சான்று, 1947 ஜூன் மாதத்திலே திருக்கொள்ளம்பூதூரில் அரங்கேறிய 'யாழ் நூல்'. பண்டைத் தமிழரின் யாழ்கள் அழிந்து ஒழிந்தன. பார்த்தவர் இல்லை, வாசித்தவர் இல்லை. சிலப்பதிகாரத்திலும் அதன் உரைகளிலும் சில குறிப்புக்கள் மாத்திரம் எஞ்சியிருந்தன. பண்டிதர்கள் அவற்றுக்குச் சொற்பொருள் கூறினார்கள். இசைக் கணக்கு என்னும் கதவின் முன்னே அவர்களுட் பலர் நின்றுவிட்டார்கள். நரம்பைப் பாதியாகக் குறுக்கினால் அதே சுரம் மேல் ஸ்தாயியில் ஒலிக்கும். மூன்றில் இரண்டு பங்காகக் குறுக்கினால் குரலுக்கு இளி பிறக்கும். இது பௌதிகம், கணிதம். விஞ்ஞானம் மாத்திரம் படித்தவன் இந்தக் கணக்கைப் போடுவான், ஆனால் அரங்கேற்று காதையின் வரியை அவிழ்க்க மாட்டான். பண்டிதன் வரியை அவிழ்ப்பான், கணக்கிலே திகைப்பான். கொழும்பிலே கற்ற விஞ்ஞானமும் மதுரைச் சங்கத்துத் தமிழும் ஒரே மனிதனிடத்திலே சந்தித்தபடியால் அல்லவா அழிந்த யாழின் இலக்கணம் மீண்டது!

1936இல் சென்னையிலே கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்கு அவரைத் தலைமை தாங்க அழைத்ததும் இதே காரணத்தால்தான். இரசாயனத்தை வகுப்பிலே கற்பித்த தமிழ்ப் பண்டிதர்கள் அன்று எத்தனை பேர் இருந்தார்கள்?

முன்வரிசையிலே இருக்கும் வைத்தியர் ஒருவர் புருவத்தை நெரிப்பது எனக்குத் தெரிகிறது. அவருடைய ஆட்சேபம் நியாயமானதே. அறுவை மேசையிலே நான் கிடக்கும்போது, என் வைத்தியர் கவிதையும் பாடுவாரா என்று விசாரிக்கமாட்டேன், கை தேர்ந்தவரா என்றே விசாரிப்பேன். அடிகளாரும் தொட்ட துறை ஒவ்வொன்றிலும் பரீட்சை எழுதித் தேறினார், அல்லது அத்துறைக்கு நூல் தந்தார். இன்று தையல், நாளை தச்சு, மறுநாள் வெளிநாட்டுக் கனவு என்று அலைவதற்கு அவருடைய பெயரைத் துணைக்கு அழைக்கக் கூடாது. அதற்கு ஊரிலே வேறு பெயர் இருக்கிறது.

என் சொந்தக் கதையொன்றையும் சொல்லிவிடுகிறேன். சட்டத்தரணியாகச் சத்தியப்பிரமாணம் செய்த புதிதிலே முகத்துவாரம் வெட்டுவது பற்றி ஒரு பிணக்கில் மத்தியஸ்தம் பேசப் போனேன். உங்களுக்குத் தெரியாததல்ல. மாரி மழையிலே வாவி நிரம்பினால் கரையோரத்துத் தாழ்ந்த வட்டைகள் மூழ்கும். மணல் திட்டை வெட்டிவிட்டால் வெள்ளம் கடலுக்கு இறங்கும், வேளாண்மை தப்பும். ஆனால் காலம் பாராமல் வெட்டினால் இறாலும் மீனும் வெள்ளத்தோடே கடலுக்குப் போய்விடும் என்று மீனவர்கள் முறையிடுவார்கள். நான் கட்டளைச் சட்டங்களை அடுக்கி அரை மணி நேரம் முழங்கினேன். நரைத்த மீனவர் ஒருவர் எழுந்து, "தம்பி, இறால் குஞ்சு எந்தப் பருவத்தில வாவிக்குள்ள வருகிற?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. உடனே எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு விவசாயி, "குடலைப் பயிர் எத்தனை நாள் தண்ணிக்குள்ள தாங்கும்?" என்றார். அதுவும் தெரியவில்லை. இரு பகுதியாரும் அன்றுதான் முதன்முறையாக ஒற்றுமைப்பட்டார்கள், என்னைப் பார்த்துச் சிரிப்பதிலே! அதன் பின்னர் இரண்டு மாரி, வழக்கில்லாத நாட்களிலே வாவிக்கும் வயலுக்கும் போய் வந்தேன். இன்று எனக்கு நீதிமன்றத்திலே கிடைக்கும் மதிப்பிலே பெரும்பங்கு அந்த இரண்டு மாரிகள் தந்தது.

விவசாயிகளுக்கு இதை நான் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. 1978 நவம்பர் 23இல் அடித்த சூறாவளி ஒரே இரவிலே தென்னந்தோட்டங்களைச் சரித்துப் போட்டது. தென்னையை மாத்திரம் நம்பியிருந்தவர், நட்ட கன்று காய்க்கும்வரை ஆண்டுக்கணக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று. வயலும் மாடும் உள்ளவருக்கு அடுத்த போகம் இருந்தது. படுவான்கரையிலே வயல், மாடு, சேனை, வாவியிலே வலை என்று வாழ்ந்த குடும்பங்களை எவரும் நிலையற்றவர்கள் என்று இகழ்ந்ததில்லை. அப்படியிருக்க, அதே வீட்டுப் பிள்ளை பட்டத்தோடு இயந்திரமும் பழகினால் மாத்திரம் ஏன் வெட்கப்படுகிறோம்? கையிலே எண்ணெய்க் கறை படிந்தால் பட்டத்தின் எழுத்து அழிந்துவிடுமா?

வெட்கத்துக்குக் காரணம் நாங்கள்தான், படித்தவர்கள். வெள்ளைக்காரன் காலத்துக் கச்சேரி உத்தியோகத்தை மோட்சமாகக் காட்டினோம். மற்றத் தொழில்களை, அது கிடைக்காதவனுக்கு விதித்த தண்டனையாகக் காட்டினோம். கலியாணப் பேச்சிலே, "பொடியன் அரசாங்க வேலையா?" என்று முதற்கேள்வி கேட்பவர்களில் சட்டத்தரணிகளும் உண்டு, ஆசிரியர்களும் உண்டு.

மண்டூர்ப் பெரியவரை அண்மையில் மறுபடியும் சந்தித்தேன். "மகனுடைய விண்ணப்பத்தை மீளப் பெற வேண்டாம், அது அவனுடைய உரிமை. வயதெல்லை கடக்குமுன் நியமனம் கிடைக்க நானும் எழுதுகிறேன், குரல் கொடுக்கிறேன். அதுவரை அவன் பட்டறைக்குப் போவதைத் தடுக்காதீர்கள், கூத்தையும் தடுக்காதீர்கள்" என்று சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பின்பு, "போன வெட்டுக்கு எங்கட வட்டையில பழுதாப் போன மெசின் மூன்றையும் அவன்தான் திருத்தினான் ஐயா. காசு வாங்க மாட்டன் என்றான். நான்தான் வாங்கச் சொன்னேன்" என்றார்.